குளிக்கும்போது தலைசுற்றல், கண் இருட்டல்: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

வேளிமலைச் சாரல்

மகள் பிறந்த புதிதில் அம்மா எனக்கு வேது வைத்துத்தான் குளிப்பாட்டினார்கள். நொச்சியும் புளியிலையும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரின் சூட்டை நம் குமரி மாவட்டத்தில் பிள்ளை பெற்ற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதுகில் செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டிருந்தபோது முதலில் காது அடைத்தது. பிறகு சுவரில் ஒட்டியிருந்த புளியிலைகள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வந்தன. கடைசி இலை மறைந்தது வரைதான் நினைவிருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டரை என்று வந்தது. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். பேற்றில் இரத்தம் இழந்த உடம்பில் வெந்நீர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். அம்மாவோ தண்ணீரில் சூடு போதவில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். வேறு யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா?

குலசேகரத்தான்

என் அப்பாவுக்கு நேர்ந்ததில் வெந்நீருக்கு இடமே இல்லை. அவர் ரப்பர் பால் வெட்டுபவர். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் ஒரு கட்டன் சாயாவோடு சர்க்கரை மாத்திரையையும் விழுங்கிவிட்டு இருட்டிலேயே கிளம்பிவிடுவார். பாலெடுத்து, உறைய வைத்து, திரும்பிவந்து குளித்த பிறகுதான் கஞ்சி. அன்று கிணற்றடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தவரின் நெற்றியை அம்மா துண்டால் துடைக்கத் துடைக்க, துடைத்த இடத்திலேயே மறுபடியும் வியர்த்தது. என்ன செய்கிறது என்று கேட்டால், பால் வாளியை யார் எடுத்தது என்று எங்களிடம் சண்டைக்கு வந்தார். பக்கத்து வீட்டிலிருந்த கருவியில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 52. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். அந்த மாத்திரை கிளிமிபிரைடு. சாப்பாட்டோடு போட வேண்டியது. இப்போது ஒரு கட்டிச் சோறாவது உள்ளே போன பிறகுதான் அதைப் போடுகிறார். பிரமை பிடித்தவர்போல அவர் எங்களைப் பார்த்த பார்வைதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பார்வதிபுரம் ஓய்வாசிரியர்

இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். சூடோ சர்க்கரையோ இல்லாமலும் மயக்கம் வரும். புராஸ்டேட் வீக்கத்திற்காக இரவில் டாம்சுலோசின் போடத் தொடங்கிய பிறகு, காலையில் குந்தியிருந்து கால் தேய்த்துவிட்டு எழுந்த நொடியில் முழங்கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதவை போலாயின. மருத்துவர் என்னைப் படுக்கவைத்து அளந்தபோது மேல் அழுத்தம் 138. நிற்கவைத்து மூன்று நிமிடத்திற்குள் அளந்தபோது 110. இருபதோ அதற்கு மேலோ இறங்கினால் அது நிலைமாற்றத் தாழ்வழுத்தம்.

எழுபது வயதைத் தொட்டவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். நிற்கும்போது அரை லிட்டருக்கும் அதிகமான இரத்தம் இடுப்புக்குக் கீழே இறங்குகிறது. அதை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசையின் வேலை. ஆகவே ஷவரின் கீழ் அசையாமல் நிற்பவர்கள் குதிகாலை உயர்த்தித் தாழ்த்தியபடி இருக்கட்டும். வழுக்காத நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து குளிப்பதில் வெட்கமென்ன? பேதியோ காய்ச்சலோ வந்து எழுந்தவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும். இரத்த அழுத்த மாத்திரை போடுபவர்கள் தாமாக அதை நிறுத்தாமல், எந்த நேரத்தில் போடுவது என்பதை மருத்துவரிடம் கேட்கட்டும். கண் இருட்டத் தொடங்கினால் கதவை நோக்கி ஓடாமல் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, முடிந்தால் படுத்துக் காலை உயர்த்தட்டும். மண்டை உடைவது பெரும்பாலும் அந்த ஓட்டத்தில்தான். பேரப்பிள்ளைகள் சிரித்தாலும் சரி, குளியலறையில் உட்புறத் தாழ்ப்பாள் போடக் கூடாது.

தோவாளைக்காரி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கேட்பாரில்லாத அறிவுரையில் பாதியை நான் ஏற்கிறேன். ஆனால் எல்லாத் தலைசுற்றலையும் அழுத்தக் கணக்கில் சேர்த்துவிட முடியாது. எனக்குக் கண் இருட்டவில்லை, காது அடைக்கவில்லை, வியர்க்கவுமில்லை. செம்பருத்தித் தாளி தேய்த்த தலையை அலசுவதற்காக அண்ணாந்தேன். அவ்வளவுதான், ஓட்டுக்கூரையின் கண்ணாடி ஓடு ஒரே பக்கமாகச் சுழலத் தொடங்கியது. கண்ணை மூடினாலும் சுழற்சி நிற்கவில்லை. தலையை நேராக்கி அசையாமல் நின்றதும், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, நின்றுவிட்டது. மறுபடி அண்ணாந்தால் மறுபடி அதே கதை. காது மூக்குத் தொண்டை மருத்துவர் என்னைக் கட்டிலில் சட்டென்று சாய்த்து, தலையை ஒரு பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்த்தார். உட்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்திருக்கின்றன என்றார். எப்லி முறை என்று சொல்லித் தலையைப் படிப்படியாகத் திருப்பிவிட்டார், மருந்து எதுவுமில்லை. அதுவரை எனக்கு எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக் கொடுத்தவர்கள் அநேகம். மயக்கம் வேறு, சுழற்சி வேறு என்பதை மருத்துவரிடம் பிரித்துச் சொன்னாலே பாதி வழி தெரிந்துவிடும்.

வடசேரி வாடகைவீடு

வெந்நீரில் மயக்கம் என்று எழுதுபவர்கள் தண்ணீரை எதில் சுட வைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேளிமலைச் சாரல் வீட்டில் அது விறகடுப்பு, அதுவும் வெளியே இருந்திருக்கும். எங்கள் வீட்டில் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்த கேஸ் ஹீட்டர்.

மயினிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, கொஞ்ச நாட்களாகக் குளித்துவிட்டு வந்தால் தலைவலியும் குமட்டலும் இருந்தன. பித்தம் என்றார்கள், வேலைப்பளு என்றார்கள். ஐப்பசி மழையில் ஒரு நாள் குளிர்காற்று வருகிறது என்று சன்னலையும் சாத்திவிட்டுக் குளிக்கப் போனார். வாளி நிரம்பி வழிகிற சத்தம் வெகுநேரமாகக் கேட்கிறது, கூப்பிட்டால் பதிலில்லை. அண்ணன் கதவை உடைத்தபோது மயினி சுவரோரம் சரிந்து கிடந்தார், தண்ணீர் அப்போதும் வழிந்துகொண்டிருந்தது. புகையுமில்லை, கேஸ் வாடையுமில்லை. வாடை இல்லாததால் கேஸ் கசிவாக இருக்காது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

மருத்துவமனையில் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 98 என்று காட்டியது. இளம் மருத்துவர் ஒருவர் மட்டும், "குளியலறையில் என்ன ஹீட்டர்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். காற்றோட்டமில்லாத அறையில் எரிவாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசியும் சிலிண்டர் வாயுவுக்குத்தான் வாடை சேர்த்திருக்கிறார்கள், இதற்கு இல்லை. இந்த வாயு ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்வதால் இரத்தம் சிவப்பாகவே இருக்கும்; அதனால்தான் விரல் கருவி ஏமாந்தது. தனி இரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. முகமூடி வைத்து மணிக்கணக்கில் ஆக்சிஜன் கொடுத்தார்கள், பிழைத்தார்.

ஆகவே, ஆசிரியர் ஐயா, கேஸ் ஹீட்டர் உள்ள அறையில் மயக்கம் வந்தால் தரையில் படுக்காதீர்கள். ஊர்ந்தாவது வெளியே வந்துவிடுங்கள்.

பார்வதிபுரம் ஓய்வாசிரியர்

திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். உட்புறத் தாழ்ப்பாள் பற்றி நான் சொன்னது இங்கே இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

குளச்சல் கடற்கரை

சித்தப்பாவுக்கு இதில் எதுவுமே இல்லை. இருட்டவில்லை, சுற்றவில்லை, வியர்க்கவில்லை. சோப்பு கையில் இருந்தபடியே விழுந்தார்; விழுந்ததே தெரியாமல் எழுந்து, நெற்றியில் எப்படி இரத்தம் வந்தது என்று கேட்டார். வழுக்கியிருக்கும் என்று விட்டுவிட இருந்தோம். இசிஜி எடுத்தபோதுதான் இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு சரியாகப் போகவில்லை என்று தெரிந்து பேஸ்மேக்கர் வைத்தார்கள். முன்னறிவிப்பில்லாமல் விழுந்தவர்களும், படபடப்போடோ நெஞ்சுவலியோடோ விழுந்தவர்களும் உப்பும் எலுமிச்சையும் தேடாமல் முதலில் இசிஜி எடுத்துக்கொள்ளுங்கள்.

வேளிமலைச் சாரல்

ஆம், எங்கள் வீட்டில் புறத்துத் திண்ணையிலுள்ள விறகடுப்புத்தான். ஆனால் மார்த்தாண்டத்தில் என் தங்கை இருக்கும் வாடகை வீட்டில் கேஸ் ஹீட்டர் உள்ளேதான் இருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதும் என்கிறார் வீட்டுக்காரர்.

வடசேரி வாடகைவீடு

போதாது. புதுக்காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் அந்த ஃபேன் ஓடினால், புகையை வெளியே அனுப்ப வேண்டிய குழாயிலிருந்தே காற்றை உள்ளிழுத்துவிடக்கூடும். ஹீட்டரைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டிவிட்டுத் தண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். அதுவரை தங்கை அடுப்பில் சுட வைத்து வாளியில் எடுத்துச் சென்று குளிக்கட்டும்.