பிள்ளைக்கு முதல் ரைஃபிள்: வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கம்மவான்பேட்டைக்காரன்:

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு மகளைக் கூட்டிப் போயிருந்தேன். கூட்டம் கலைகிற நேரத்தில் பலூன் சுடும் கடை முன்னால் நின்றுவிட்டாள். 10 குண்டு வாங்கிக் கொடுத்தேன். 7 பலூன் வெடித்தது. கடைக்காரர், "பாப்பா கையில ஆட்டமே இல்ல சார்" என்றார். அன்று ராத்திரியிலிருந்து ஒரே பேச்சுதான்: "அப்பா, எனக்கு ரைஃபிள் வாங்கிக் கொடு."

அவளுக்கு அப்போது 11 வயது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கியதை அவளும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர் என்று தெரிந்ததும் அவர் பெயரை நோட்டு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டாள். அதனால் இது ஒருநாள் ஆசை இல்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரைச் சுற்றுவட்டாரத்தில் ராணுவப்பேட்டை என்பார்கள். என் அப்பாவும் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் நானே கடைக்குப் போனேன். பள்ளிக்கூட யூனிஃபார்மை ரெண்டு வருஷத்துக்கு வரட்டும் என்று பெரிதாகத் தைத்து மடித்துவிடுவோம் இல்லையா, அதே கணக்கில் பெரியவர்கள் அளவு ஏர் ரைஃபிளை வாங்கினேன். பீப்பாயை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. மேலே குறி பார்க்க ஒரு ஸ்கோப் வேறு. நல்ல துப்பாக்கிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் நாளே தெரிந்துவிட்டது, அவளால் பீப்பாயை மடக்க முடியவில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் நான் மடக்கிக் கொடுத்தேன். தூக்கிப் பிடித்தால் முன்பக்க பாரம் கையைக் கீழே இழுக்க, இடுப்பை முன்னால் தள்ளி, முதுகைப் பின்னால் வில் மாதிரி வளைத்து நின்றாள். கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் படியவே இல்லை. ஸ்கோப்புக்குள் பார்க்கக் கழுத்தை நீட்டினாள். ஒரு வாரத்தில் தோள்பட்டை எலும்பு மேல் ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்து போயிருந்தது. "வலிக்குதா கண்ணு?" என்றால் இல்லை என்பாள். அட்டையில் குண்டுகள் ஒரு மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். திருவிழாவில் 7 பலூன் அடித்த பிள்ளை, மூன்றாவது வாரம் துப்பாக்கியைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்தார். பக்கத்தில் கூப்பிட்டார். குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, "கையை மடக்கு. பின்கட்டையை முழங்கை மடிப்புல வை. இப்போ விரலை நீட்டு, ட்ரிகரைத் தொடு" என்றார். இரண்டு அங்குலம் எட்டவில்லை. "துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. இவளுக்கு ஆவாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம் இன்னொன்று செய்தார். அதை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை வைக்கச் சொன்னார். அந்த ஓட்டை வழியாகத் தெருமுனைத் தண்ணீர் டேங்கை இரண்டு கண்ணையும் திறந்து பார்க்க வேண்டும். "இப்போ எடது கண்ணை மூடு." டேங்க் காணாமல் போனது. "தொற. வலது கண்ணை மூடு." டேங்க் அப்படியே இருந்தது. எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கைதான். ஆனால் குறி பார்க்கும் கண் இடது. மூன்று வாரமாக வலது தோளில் வைத்து, குறிக்கு உதவாத கண்ணால் பார்க்கச் சொல்லிப் பிள்ளையைப் படுத்தியிருக்கிறேன்.

அதன்பிறகுதான் சென்னையில் ஒரு கிளப்புக்குக் கூட்டிப் போனோம். காட்பாடியிலிருந்து ரயில். அங்கே இருந்த ரைஃபிள் சிலிண்டரில் அடைத்த காற்றில் வேலை செய்வது, பீப்பாயை மடக்கும் வேலையே இல்லை. பின்கட்டையை முன்னும் பின்னும் நகர்த்தலாம், கன்னம் வைக்கும் பலகையை ஏற்றி இறக்கலாம். இடது தோளுக்கு ஏற்ற கட்டையாகப் பார்த்துக் கொடுத்தார் பயிற்சியாளர். முன்பக்க பாரத்தை ஒரு ஸ்டாண்டில் தாங்கக் கொடுத்து, முதல் இரண்டு வாரம் குண்டே போடாமல் நிற்கவும் மூச்சு விடவும் விசையை அழுத்தவும் மட்டும் பழக்கினார். துப்பாக்கியை முன்னால் தாங்கும் கையின் முழங்கையைப் பக்கவாட்டில் இடுப்பெலும்பு மேல் ஊன்றி நிற்க வேண்டும், பாரத்தை எலும்பு தாங்கணும், சதை தாங்கக் கூடாது என்று அவர் சொன்னபோது என் மகள் வளைந்து நின்ற கோலம் கண் முன்னால் வந்து போனது.

10 மீட்டர் போட்டியில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். ரைஃபிள் அதிகபட்சம் 5.5 கிலோ இருக்கலாம் என்பது விதி. அதைப் படித்துவிட்டு கனமாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள், அது உச்சவரம்பு மட்டும்தான்.

சட்டம் பற்றிக் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். 2016 ஆயுத விதிகள்படி குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலும் குண்டு குழலை விட்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருந்தால் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைஃபிள்கள் சுமார் 8 ஜூல்தான். அதனால் கடைக்காரர் "பவர் ஜாஸ்தி சார்" என்று புகழ்ந்தால், பிள்ளை சுடப் போகும் காகித அட்டைக்கு அந்தப் பவர் எதற்கு என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது, சொல்லுங்கள்.

குடியாத்தம் அம்மா:

அண்ணே, பீப்பாய் மடக்குகிற வகை பற்றி நீங்கள் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 13 வயதில் அவன் மாமா வாங்கிக் கொடுத்தார். மொட்டை மாடியில் இவனும் இன்னொரு பையனும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் பீப்பாயை மடக்கிக் குண்டு வைத்துக்கொண்டிருக்கும்போது, கட்டைப் பக்கம் பிடித்திருந்த அந்தப் பையன் விரல் ட்ரிகரில் பட்டுவிட்டது. உள்ளே ஸ்பிரிங் ஏறித்தானே இருக்கிறது? மடங்கியிருந்த பீப்பாய் அடித்த அடியில் பளீரென்று மேலே வந்து மூடிக்கொண்டது. நடுவில் என் பிள்ளையின் ஆள்காட்டி விரல். சத்தம் கேட்டு மாடிக்கு ஓடினால், விரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு அழாமல் நிற்கிறான், படியில் சொட்டுச் சொட்டாக ரத்தம். 6 தையல். நகம் இன்றைக்கும் கோணலாகத்தான் வளர்கிறது.

குண்டு வைக்கும்போது இன்னொரு கை பீப்பாயை விடாமல் பிடித்திருக்க வேண்டும். மடக்கியதும் தானே பூட்டிக்கொள்ளும் சேஃப்டி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரு துப்பாக்கியில் ஒரே பிள்ளைதான் கை வைக்க வேண்டும். இதை வாங்கிக் கொடுத்தவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?

குண்டு ஈயம். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் என் பிள்ளையை முறுக்கு டப்பா பக்கம் விட மாட்டேன்.

ஆம்பூர்:

தகர டின்னைத் தென்னை மரத்தில் மாட்டிச் சுடாதீர்கள். எங்கள் வீட்டில் குண்டு திரும்பி வந்து தம்பியின் புருவத்தில் பட்டது. அரை அங்குலம் கீழே என்றால் கண். இப்போது அட்டைப் பெட்டியில் பழைய செய்தித்தாளை இறுக்கிக் கட்டி, பின்னால் களிமண் பூசிய பலகை. குண்டு உள்ளேயே நின்றுவிடுகிறது. சுடுகிறவர், பார்க்கிறவர் எல்லோருக்கும் கண்ணாடி.

காட்பாடி, பழைய என்.சி.சி.:

கம்மவான்பேட்டை அண்ணா, உங்கள் அப்பா போலச் சொல்லிக் கொடுக்க எங்களுக்கும் ஒரு பயிற்சியாளர் இருந்தார். அவரை உஸ்தாத் என்போம்.

நான் முதலில் சுட்டது பாயின்ட் டூ டூ (.22) ரைஃபிள். 9ஆம் வகுப்பு, கேம்ப்பில். மணல் மூட்டை மேல் கையை வைத்துப் படுத்துச் சுட வேண்டும். 5 ரவுண்டு. நடுப்புள்ளியில் அடித்தால்தான் பெருமை என்று நினைத்துக்கொண்டு போனேன். உஸ்தாத் என் அட்டையைப் பார்த்துவிட்டு, புள்ளியை விட்டு நன்றாகத் தள்ளி இடது பக்கம் கீழே ஒரே கொத்தாக இருந்த 5 ஓட்டைகளையும் கட்டைவிரலால் மூடிக் காட்டினார். "பாத்தியா, அஞ்சும் ஒரு வெரலுக்குள்ள. இது போதும். புள்ளிக்கு நான் குறி பாக்குற சைட்டைத் திருப்பிக் கொண்டு போறேன்" என்றார். பக்கத்துப் பிள்ளைக்கு ஒன்று நடுப்புள்ளியில், மீதி நாலும் நாலு திசையில். அவளைத்தான் மறுபடி படுக்கச் சொன்னார். குரூப்பிங் என்றால் என்ன என்பது எனக்கு அன்றைக்கு விளங்கியது. உங்கள் பிள்ளைக்கு எந்த ரைஃபிள் சரி என்று பார்க்கவும் இதே வழி. இரண்டு மூன்று ரைஃபிள்களில் ஐந்தைந்து குண்டு சுடச் சொல்லுங்கள். பத்து விழுந்ததா என்று பார்க்காதீர்கள், எதில் கொத்து சிறிதாக இருக்கிறது என்று பாருங்கள்.

சுட்டு முடித்ததும் காலித் தோட்டாவை எண்ணி ஒப்படைக்காமல் ஒருத்தரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. வெயிலில் புல்லுக்குள் ஒரு காலித் தோட்டாவுக்காக நாங்கள் அத்தனை பேரும் தேடியிருக்கிறோம்.

ஏர் ரைஃபிள் பழகியதும் பாயின்ட் டூ டூ வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது வெடிமருந்துத் துப்பாக்கி, உரிமம் இல்லாமல் முடியாது, 21 வயது நிறையாதவருக்குப் பொதுவாக உரிமமும் கிடையாது. அந்தத் தோட்டா பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்திருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவர நினைக்காமல் ரேஞ்சிலேயே விட்டுவிடுங்கள்.

போளூர் வாத்தியார்:

நான் துப்பாக்கி வாங்கிக் கொடுக்கவில்லை. என் கையில் ஒன்று கிடைத்த கதை இது.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் நிலம். எனக்கு 12 வயது இருக்கும்போது பெரியப்பா வீட்டில் ஒரு ஏர் கன் இருந்தது. எல்லோரும் நெல் தூற்றிக்கொண்டிருந்த நேரம், எடுத்துக்கொண்டு வேலி ஓரம் போனேன். கள்ளிமேல் ஒரு புறா. சுட்டேன். விழுந்தது. ஓடிப்போய்க் கையில் எடுத்தால் உயிர் போகவில்லை. உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, கண் என்னையே பார்த்தது. சூடு குறையக் குறைய அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. கருவேல மரத்தடியில் புதைத்தேன்.

பறவைகளை வேட்டையாடக் கூடாது என்று 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இருந்தது என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த வயதில் சட்டம் என்னைத் தடுத்திருக்காது. பெரியப்பா அதைப் பூட்டி வைத்திருந்தால் தடுத்திருக்கும். அணில், புறா, ஓணான் எதன் மேலும் குழல் திரும்பக் கூடாது என்று துப்பாக்கியைக் கையில் கொடுக்கும் முன் பிள்ளையிடம் பேசுங்கள். பேசிவிட்டுப் பூட்டுங்கள்.

கம்மவான்பேட்டைக்காரன்:

வாத்தியார் ஐயா, உங்கள் பதிவை மகளுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் புறாவுக்கு எவ்ளோ நேரம் வலிச்சிருக்கும்?" என்று கேட்டாள்.

குடியாத்தம் அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்த அன்றே பழைய ரைஃபிளை எடுத்துப் பார்த்தேன். மடக்கினால் சேஃப்டி தானாக விழவில்லை. மூன்று வாரம் அதில் குண்டு வைத்தது என் விரல்தான், ஆனால் பக்கத்தில் நின்றவள் அவள். அதைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டேன். சாவி அப்பாவிடம், குண்டு டப்பா என் கடையில்.

காட்பாடி அக்கா சொன்ன ஐந்து குண்டுச் சோதனையைக் கிளப்பில் செய்து பார்த்தோம். இரண்டு ரைஃபிள். ஒன்று பளபளவென்று புதிது, மகளுக்கு அதன் மேல்தான் ஆசை. இன்னொன்று கட்டையில் பெயின்ட் உரிந்த பழையது, கொஞ்சம் லேசானது. புதியதில் கொத்து என் கடிகார முகப்பு அளவுக்கு வந்தது. பழையதில் 5 குண்டும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள். பயிற்சியாளர் இரண்டு அட்டையையும் அவள் கையில் கொடுத்து, "நீயே சொல்லு" என்றார். பழையதைத் தொட்டாள்.

சொந்தமாக வாங்குவதை இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போட்டிருக்கிறோம். போன சில மாதங்களில் முக்கால் அங்குலம் வளர்ந்திருக்கிறாள், ஒவ்வொரு முறையும் பின்கட்டையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கிறது. அவளுக்கென்று இப்போது வாங்கியிருப்பது ஒன்றுதான். குழல் காலி என்று காட்ட உள்ளே விட்டு வெளியே தொங்கவிடும் ஆரஞ்சு நிறக் கயிறு. ரைஃபிளைக் கீழே வைத்ததும் முதலில் அதைப் போடுகிறாள், தாத்தா பக்கம் திரும்பிக் காட்டுகிறாள், அப்புறம்தான் தண்ணீர் குடிக்கப் போகிறாள்.

இடது தோள் கட்டையோடு சிறுவர் அளவு ரைஃபிள் யாராவது கைமாற்றக் கொடுப்பதாக இருந்தால் இங்கே சொல்லுங்கள். கட்டை நீளத்தை அளந்து போடுங்கள்.