இம்ப்ளாண்ட் பல் ஆடுகிறது, வலி இல்லை. மொத்தமாக எடுக்க வேண்டுமா?

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை):
கீழ்க் கடைவாயில் இம்ப்ளாண்ட் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தட்டுவடை செட் கடித்தபோது 'கிளுக்' என்றது. அன்றிலிருந்து நாக்கால் தள்ளினாலே ஆடுகிறது. வலி, வீக்கம், சீழ் எதுவும் இல்லை. வைத்த டாக்டர் ஊர் மாறிப் போய்விட்டார். வேறொரு இடத்தில் காட்டினேன். எக்ஸ்ரேகூட எடுக்காமல், எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக வைக்கணும் என்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா?

பல் லேப் (அஸ்தம்பட்டி):
எக்ஸ்ரே பார்க்காமல் அப்படிச் சொல்லவே கூடாதுங்க. ஒரே பல்லாகத் தெரிந்தாலும் அது மூன்று சாமான். எலும்பில் பிடித்திருக்கும் டைட்டானியம் ஃபிக்ஸர், அதன்மேல் அபட்மென்ட் என்கிற இணைப்புத் துண்டு, அதற்கும் மேல் பல் வடிவக் கேப். அபட்மென்ட்டின் அடி, ஃபிக்ஸருக்குள் இருக்கும் குழியில் பொருந்தி உட்காரும். நிறைய மாடல்களில் அது அறுகோணம், பல் சுழலாமல் இருக்க. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது நடுவில் போகும் ஒரு பொடித் திருகு. முறுக்கும்போது அது துளி நீள்கிறது, அந்த இழுவையில்தான் பிடிப்பே. மரையின் மேடுகள் அமுங்கினால் இழுவை குறையும். அதனால் டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் கருவி) கம்பெனி சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் 25 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர், முறுக்கிவிட்டு 10 நிமிஷம் கழித்து மறுபடி முறுக்குவார்கள். இந்தத் திருகு தளர்ந்தாலும் பல் ஆடும். கேப்பின் நடுவில் வேறு நிறத்தில் வட்டமாக ஏதாவது தெரிகிறதா?

கொலுசுப்பட்டறை:
திருகாணி கதைதானா அண்ணா! ஆமாம், மிளகு அளவில் வெள்ளை வட்டம் இருக்கிறது.

பல் லேப்:
அப்போ ஸ்க்ரூ கேப், அதாவது திருகுக்குப் போக மேலேயே துளை உள்ளது. துளையை அடைத்திருக்கும் அந்த கம்போசிட்டை (பல் நிற அடைப்பு) பெயர்த்து, கீழே திணித்த டெஃப்லான் டேப்பை எடுத்தால் திருகின் தலை. சிமெண்ட் வைத்து ஒட்டிய கேப்பாக இருந்தால் இடம் குறித்துத் துளை போட வேண்டியிருக்கும். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று குறித்திருக்கும் இம்ப்ளாண்ட் கார்டைத் தேடி எடுங்க, பொருந்தாத டிரைவரை விட்டால் தலை வழுக்கிவிடும். பழைய திருகையே போடாமல் புதுசு கேளுங்க. அதுவரை அந்தப் பக்கம் மெல்லவே வேண்டாம். திருகு உள்ளே ஒடிந்தால் துண்டை எடுப்பது பெரும்பாடு. ஆனால் ஃபிக்ஸரே ஆடினால் எலும்பு விட்டுவிட்டது என்று அர்த்தம், அப்போது கழற்றத்தான் வேண்டும்.

காப்பித்தோட்டம் (ஏற்காடு):
எனக்கு இரண்டு முறை தளர்ந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம், வீட்டம்மா சொல்லித்தான் தெரியும். நைட் கார்டு (தூங்கும்போது பல்மேல் மாட்டும் உறை) போட்ட பிறகு மூன்று வருஷமாகத் தொந்தரவு இல்லை. ஒவ்வொரு முறையும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்ததுதான் மிச்சம்.

கொலுசுப்பட்டறை:
இம்ப்ளாண்ட் கார்டு, ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது. எக்ஸ்ரேயில் ஃபிக்ஸருக்கும் அபட்மென்ட்டுக்கும் நடுவே மயிரிழை மாதிரி ஒரு கறுப்பு இடைவெளி, எலும்பு நன்றாக இருக்கிறது. இன்று புதுத் திருகு போட்டார்கள். மேல் பல் ஓரமாக இடித்த இடத்தையும் தேய்த்துவிட்டார். நைட் கார்டு எனக்கும் வேண்டுமா என்று அடுத்த வாரம் பார்க்கிறாராம்.