புதுப்பிப்பு: கீமோவுல விரல் மரத்து பிரஷ் நழுவுதுன்னு கேட்டிருந்தேனே, வழி கிடைச்சிருச்சு

மார்பகப் புற்றுநோய்க்கு பக்லிடாக்சல்ங்கிற கீமோ மருந்து போகுது, விரல் நுனியெல்லாம் மரத்து பிரஷ் நழுவுது, ஆயில் பெயிண்ட்ல கலக்குற டர்பன்டைன் வாசனையே குமட்டுது, ஆனா வரையாம இருக்க முடியலன்னு போன மாசம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனசார நன்றி.

சைக்கிள் ஹேண்டில் கிரிப்பை மாட்டச் சொன்ன அண்ணா, அதான் கைகொடுத்துச்சு. பிரஷ் காம்புல பழைய காட்டன் துணிய சுத்தி கிரிப்புக்குள்ள இறுக்கிட்டேன், இப்ப உள்ளங்கையாலயே பிடிக்கிறேன். ஆயில் பெயிண்ட்டை விட்டுட்டு தண்ணில கரையற குவாஷ் பெயிண்ட்டுக்கு மாறினேன், தண்ணி போதும், குமட்டல் இல்ல. 1925 பஸ் விபத்துக்கப்புறம் மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ படுத்துக்கிட்டே வரைஞ்ச மாதிரி கட்டில்ல ஈசல், அதாவது படம் வரையுற தாங்கி, மாட்டச் சொன்னீங்க அக்கா, எனக்கு தோள்பட்டை வலிச்சதால மடியில பலகை வச்சுக்கிட்டேன்.

எதிர்பார்க்காதது ஒண்ணு, மரத்துப்போறத டாக்டர்கிட்ட சொன்னதும் மருந்து அளவ குறைச்சாங்க. மூணு வாரம் சொல்லாமயே இருந்துட்டேன், நீங்க அப்படி இருக்காதீங்க.

மெல்லிசு கோடு இப்ப வரல. கொல்லை முருங்கைய இலை இலையா வரைஞ்சவ நான், இப்ப பட்டை பிரஷ்ல ஒரே இழுப்புல ஒரு கிளையே வந்துருது, மருந்து ஏறின ராத்திரி தூக்கம் வராம 3 மணிக்கு அத வரைஞ்சுக்கிட்டு இருக்கும்போது பயம் கிட்ட வரல. இன்னும் 4 டோஸ் இருக்கு, பச்சை தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்கணும்.