மறு: லீஃப் மைனர் – துளைப்பானா, குடைவியா?

இலைக்குள்ளேயே தின்று வாழும் பூச்சியான ‘லீஃப் மைனர்’ (leaf miner) என்பதற்குத் தமிழில் ‘இலைக்குடைவி’ என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளும் என் பதில்களும்:

> வேளாண் கையேடுகளில் ‘இலைத்துளைப்பான்’ பழகிவிட்டது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

பழகியது உண்மைதான். ஆனால் காய்த்துளைப்பான், தண்டுத்துளைப்பான் வரிசையில் இதையும் நிறுத்தினால் படிக்கிறவர் இலையில் ஓட்டையைத் தேடுவார். லிரியோமைசா டிரைஃபோலி என்ற சின்ன ஈயின் புழு தாக்கிய தக்காளி இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்தோலும் கீழ்த்தோலும் அப்படியே இருக்கும். இடையிலுள்ள பச்சையைத்தான் புழு தின்றுகொண்டே போயிருக்கும். அது போன தடம்தான் அந்த வெள்ளைக் கோடு. புழு வளர வளரக் கோடும் அகலமாகும், உள்ளே எச்சம் கறுப்பாக இழையோடும். கூரையையும் தரையையும் விட்டுவிட்டு நடுவை எடுப்பதற்குக் ‘குடைதல்’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே! குடைவரைக் கோயிலில் நிற்கும் அதே சொல். ஆகவே பூச்சி ‘இலைக்குடைவி’, தடம் ‘குடைவு’. நெளிந்து போனால் பாம்புக் குடைவு, பரவினால் திட்டுக் குடைவு.

> சுரங்கவழியைக் குறிக்கும் ‘சுருங்கை’ பழஞ்சொல். எடுத்தாளலாமே?

சிலப்பதிகாரத்து மதுரையில் யானைகள் போன சுருங்கை வீதி எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘இலைச்சுருங்கை’ என்றால் இலை சுருங்கும் நோய் என்றுதான் விவசாயி எடுத்துக்கொள்வார். நிலக்கடலையில் வேறு ‘சுருள்பூச்சி’ இருக்கிறது. அதுவும் தொடக்கத்தில் இலையைக் குடைவதுதான், ஆனால் அந்துப்பூச்சி இனம். எனவே குடைவி என்பது பழக்கத்தின் பெயர், குலத்தின் பெயர் அல்ல. குலம் சொல்ல வேண்டிய இடத்தில் ‘குடைவி ஈ’, ‘குடைவி அந்து’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

> ஈ எங்கே குடைகிறது? புழுதானே?

சரியான கேள்வி. பெண் ஈ முட்டையிடும் உறுப்பால் இலையைக் குத்துகிறது. சில குத்துகளில் முட்டை வைக்கிறது, மற்றவற்றில் கசியும் சாற்றை உறிஞ்சுகிறது. ஆணால் குத்த முடியாது, பெண் குத்திய இடத்தில்தான் அதற்கும் சாப்பாடு. ஆக, ‘துளைப்பான்’ என்று ஆண்பால் விகுதி போட்டது இன்னொரு வேடிக்கை! புழுப் பருவத்தை வைத்து முழுப் பூச்சிக்கும் பெயரிடுவது புதிதில்லை, பட்டுப்பூச்சி அப்படி வந்ததுதான்.

அப்புறம், ‘இலைக்குடை ஈ’ மட்டும் வேண்டாம். வரி முறிந்தால் மழைக்குப் பிடிக்கும் குடையாகிவிடும்.

ஆமணக்கு, தக்காளி, அவரை, செவ்வந்தி என்று இது தங்கும் செடிகளுக்குப் பாடநூலின் ‘ஓம்புயிரி’யே இருக்கட்டும். ஓம்புவதில் செடிக்கு விருப்பம் உண்டா என்று கேட்டு இன்னொரு இழை தொடங்காதீர்கள்.