காதல் கதையாக மாறாத அறிவியல் புனைவு ஏதாவது சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஸ்டெபனி மேயரின் ‘தி ஹோஸ்ட்’ (2008) படித்தேன். வெள்ளியாய் மின்னும் வேற்றுக்கிரக உயிரை மனிதரின் பின்கழுத்தைக் கீறி உள்ளே வைக்கிறார்கள். உடம்பு அதன் வசமாகிவிடுகிறது. ஒரே உடம்புக்குள் இரண்டு மனங்கள், என்ன அருமையான தொடக்கம்! அப்புறம் அரிசோனா பாலைவனக் குகைக்குள் போனதும், ஜேரட், இயன் என்ற இரண்டு ஆண்களில் யாரைக் காதலிப்பது என்ற இழுபறிதான் பக்கம் பக்கமாக. அந்த உயிர் முன்பு வாழ்ந்த கிரகங்கள் போகிற போக்கில் வந்து போகின்றன. எனக்கு அதுதானே வேண்டும்! (காதல் மேல் கோபமில்லை, கதையை விழுங்காமல் இருந்தால் சரி.)

இதே மாதிரி கரு, ஆனால் கடைசிவரை அறிவியலை விடாத நாவல் தெரிந்தால் சொல்லுங்கள். தமிழிலோ மொழிபெயர்ப்பிலோ கிடைத்தால் ரொம்ப நல்லது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, ‘மீண்டும் ஜீனோ’ இரண்டும் படித்தாயிற்று.