டெபியன் 12: ஃபர்ம்வேர் பிரிவைச் சேர்த்தும் பிராட்காம் வைஃபை வரவில்லை

வியாசர்பாடி_படிப்பகம்:
படிப்பகத்துக்கு வந்த பழைய லேப்டாப்களில் டெபியன் 12 லினக்ஸ் இயங்குதளம் போட்டோம். இன்டெல் வைஃபை உள்ளவை இன்ஸ்டால் ஆகும்போதே இணைந்துவிட்டன. பிராட்காம் பிசிஎம்43142 உள்ளவற்றில் வைஃபையே காட்டவில்லை. மென்பொருள் எங்கிருந்து இறங்கணும் என்று குறிக்கும் சோர்ஸஸ்.லிஸ்ட் கோப்பில் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவு இருக்கிறது. லேன் இணைப்பு கிடையாது. இன்னொன்று: ஒரு லேப்டாப்பையாவது முழுக்கக் கட்டற்ற மென்பொருளில் ஓட்டி மாணவர்களுக்குக் காட்டணும். வழி சொல்லுங்க.

பெரம்பூர்_லோகோ:
உங்களுக்கு வேண்டியது ஃபர்ம்வேர் இல்லை, டிரைவர், அதாவது கார்டை லினக்ஸ் இயக்க உதவும் நிரல். இன்டெல்லுக்கு டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே கட்டற்றதாக இருக்கு. சிப்பில் ஏற்றும் ஃபர்ம்வேர் கோப்பு மட்டும்தான் மூடியது (மூலநிரல் வெளியாகாதது). டெபியன் உருவாக்குநர்களின் 2022 வாக்கெடுப்புக்குப் பிறகு அதை இன்ஸ்டாலரிலேயே சேர்த்துத் தர்றாங்க. பிசிஎம்43142-க்கோ டிரைவரே மூடியது. அது பழைய நான்-ஃப்ரீ பிரிவில்தான் இருக்கு.

போனை யுஎஸ்பி டெதரிங்கில் போடுங்க, அதுக்குத் தனி ஃபர்ம்வேர் வேண்டாம். சோர்ஸஸ்.லிஸ்ட் வரியில் நான்-ஃப்ரீயையும் சேர்த்து, எல்லாத்தையும் அப்டேட் செய்து ரீபூட் பண்ணுங்க. பிறகு லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64, பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் இரண்டையும் சேர்த்தே இன்ஸ்டால் செய்யணும். ஓடுகிற கெர்னலுக்குப் பொருந்தும் ஹெட்டர் (டிரைவரை உருவாக்கத் தேவையான கோப்புகள்) இல்லாவிட்டால் டிரைவர் மாட்யூல் உருவாகாது. அடுத்த கெர்னல் அப்டேட்டில் வைஃபை திடீரென்று காணாமல் போவதும் இதனால்தான்.

நம்பகக் கையொப்பம் இல்லாததைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆன் என்றால் மாட்யூல் உருவானாலும் ஏறாது, சாவி நிராகரிக்கப்பட்டது என்று பிழை வரும். பயாஸில் அதை அணைப்பது சுலபம்.

கொருக்குப்பேட்டை_கட்டற்றோன்:
கட்டற்ற லேப்டாப்புக்கு அந்த பிராட்காம் கார்டை மறந்துடுங்க. ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் உள்ள யுஎஸ்பி அடாப்டர் வாங்குங்க. அதன் ஃபர்ம்வேருக்கு மூலநிரலே வெளியாகியிருக்கு, டெபியனின் கட்டற்ற மெயின் பிரிவிலேயே கிடைக்குது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் மாடலில் வெர்ஷன் 1 மட்டும்தான் இந்தச் சிப். 2, 3 எல்லாம் ரியல்டெக். பெயர் அதேதான், ஏமாந்துடாதீங்க. பர்மா பஜாரோ ரிச்சி தெருவோ, பெட்டியை நம்பாமல் அடாப்டரின் ஸ்டிக்கரைப் பாருங்க. லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய் கடையிலேயே செருகி, யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் ஏஆர்9271 என்று வந்தால் மட்டும் காசு கொடுங்க. இது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடினால் வைஃபை பெயரே தெரியாது.

வியாசர்பாடி_படிப்பகம்:
நன்றிங்க. பிராட்காம் ஓடுது, செக்யூர் பூட்தான் தடுத்திருக்கு. அடாப்டர் போடும் லேப்டாப்பில் டெபியனே போதுமா?

கொருக்குப்பேட்டை_கட்டற்றோன்:
போதும். ஆனால் இன்ஸ்டாலர் தானாகவே மூடிய ஃபர்ம்வேரை ஏற்றிடும். பூட் மெனுவில் இ விசையை அழுத்தி, லினக்ஸ் வரியின் கடைசியில் ஃபர்ம்வேர்=நெவர் என்பதை ஆங்கிலத்தில் சேருங்க; பழைய பயாஸ் என்றால் டேப் விசை. அந்தத் தொல்லையே வேண்டாமென்றால் டிரிஸ்குவல் என்ற முழுக் கட்டற்ற லினக்ஸைப் போடுங்க, அதன் கெர்னலில் மூடிய கோப்புகளை நீக்கியே தர்றாங்க. எதுவானாலும் ரேடியான் கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பைத் தேர்ந்தெடுக்காதீங்க. ஃபர்ம்வேர் இல்லாமல் 3டி முடுக்கம் வராது, வீடியோ ஓட்டினாலே திணறும். பழைய இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ளதாகப் பாருங்க.