லாட்வியா நாட்டுப்பாட்டு புது ரூபத்துல: எங்க கேட்டீங்க, எப்படி இருந்துச்சு?

ஐரோப்பிய நாடுகளோட பாட்டுப் போட்டி யூரோவிஷன் 2025 பாத்தவங்க இருக்கீங்களா? லாட்வியா சார்பா டவுடுமெய்டஸ்னு ஆறு பொண்ணுங்க "பூர் மன் லைமி" பாடுனாங்க, முழுக்க அவங்க மொழியிலயே. சும்மா ஓடட்டும்னு விட்டுட்டு சாப்பிட்டுட்டு இருந்தேன், ஆறு குரலும் ஒண்ணா ஏறுன இடத்துல வாயில வச்ச சோறு அப்படியே நின்னுடுச்சு. 13ஆவது இடம்தான் கிடைச்சுது, அநியாயம். அதுலேருந்து இந்த ஊர் பாட்டாவே கேட்டுட்டு கிடக்கேன். உங்க அனுபவத்தையும் போடுங்க.

பதில்: நான் லாட்வியா தலைநகர் ரீகாலதான் படிக்கிறேன். ஔலியை லைவ்ல பாருங்க ப்ளீஸ். 2003ல ஆரம்பிச்ச குழு, பேக்பைப்பும் டிரம்ஸும்தான் மெயின், மேடைக்குக் கிட்ட நின்னா நெஞ்செலும்பு அதிருது, ஹெட்போன்ல அதுல பாதி கூட வராது. அப்புறம் ஜூன் 23 ராத்திரி லீகோங்கிற நடுக்கோடைக் கொண்டாட்டத்துக்கு ஃப்ரெண்ட் அவ ஊருக்குக் கூட்டிட்டுப் போனா. ஆம்பளைங்க தலையில ஓக் இலை வளையம், பொம்பளைங்களுக்குக் காட்டுப்பூ, நெருப்பைச் சுத்தி பாட்டிங்க வரிக்கு வரி "லீகோ லீகோ"ன்னு இழுக்குறாங்க, அந்தப் பக்கம் பசங்க அதே மாதிரி பாட்டுக்கு பீட் போட்டு ஸ்பீக்கர்ல அலறவிட்டிருந்தானுங்க, திட்டு விழப்போகுதுன்னு பாத்தா ஒரு பாட்டி எழுந்து போய் அந்த பீட்டுக்கும் லீகோ போட்டாங்க!

பதில்: மெட்டல் ஆளுங்களுக்கு ஸ்கைஃபோர்ஜர், 1995ல ஆரம்பிச்ச பேண்ட். 2003ல வந்த "ஜோபெனா ட்ஜியெஸ்மா" ஆல்பத்துல மட்டும் மெட்டலை ஓரங்கட்டிட்டு வெறும் நாட்டுப்பாட்டா போட்டிருக்காங்க. என் ரூம்மேட் செம கடுப்பாயிட்டான், எனக்கு அவங்க ஆல்பத்துலயே அதான் ஃபேவரிட்.

பதில்: எல்லாத்தையும் பாராட்ட முடியாதுங்க. டைனான்னு சொல்ற பழைய பாட்டு பெரும்பாலும் நாலே வரி, லூப் போட வசதியா போச்சு, எவனோ அதை எடுத்து டப்பு டப்புன்னு அடிச்சு விட்டுட்டு கீழ ஓடுற சுருதிய வெட்டிடுறான். மேற்கு லாட்வியால அல்சுங்கா பக்கத்துல இருக்குற சுயிட்டிங்கிற சின்ன சமூகத்துப் பொம்பளைங்க பாடுற வீடியோ பாருங்க: ஒருத்தர் வரிய எடுக்குறார், இன்னொருத்தர் வாங்கிப் பாடுறார், மத்தவங்க "ஏஏஏ"ன்னு ஒரே ஸ்வரத்தை விடாம பிடிக்கிறாங்க, நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுற மாதிரியேதான். 2009ல யுனெஸ்கோ இதை அவசரமா காப்பாத்த வேண்டிய பட்டியல்ல சேத்துச்சு. அதை வெட்டிட்டா அப்புறம் என்ன இருக்கு? டிரம்ஸ் சேக்குறது குத்தமில்ல, 1981லயே, சோவியத் காலத்துலயே ஆரம்பிச்ச இல்ஜிங்கிற நாட்டுப்பாட்டுக் குழுவும் ராக் பக்கம் போனவங்கதான், அவங்க மேல எனக்குப் புகாரே இல்ல.

பதில்: நாலு வரின்னதும் ஞாபகம் வருது, ரீகா தேசிய நூலகத்துல, இந்த டைனாக்களைத் தொகுத்த பரோன்ஸோட அலமாரி பாத்தேன். 70 இழுப்பறை, உள்ள விரல் நீளத்துக்குத் துண்டு சீட்டு, பொடிப்பொடியா கையெழுத்து, சீட்டுக்கு ஒரு பாட்டு. அவர் அச்சுல கொண்டுவந்ததே கிட்டத்தட்ட 2,18,000. இவ்ளோ கொட்டிக்கிடக்கு, ரீமிக்ஸ் பண்றவங்க ஏன் சுத்திச்சுத்தி அதே பத்துப் பாட்டையே எடுக்குறாங்க?